தயிர் சாதம் கட்டிய நாட்கள்

தயிர் சாதம்தான். எத்தனை தடவை யோசித்தாலும் வேறு எதுவும் வரவில்லை, காலையில் அந்த எவர்சில்வர் டப்பாவில் நான் அடைத்துக் கொடுத்தது தயிர் சாதமேதான், மேலே ரெண்டு மோர் மிளகாய், ஓரத்தில் மாவடு, என் வீட்டுக்காரர் வண்டிச் சாவியைத் தேடிக்கொண்டே என்ன அம்மணி இன்னைக்கு என்று கேட்டபோது தயிர் சாதமுங்க மாமா என்று சொன்னதும் இதே வாய்தான். அப்போது அது வெறும் சோறாக இருந்தது. இப்போது ஆய்வுக்கூடத்தில் இன்குபேட்டர் என்கிற சூட்டுப் பெட்டி முன்னால் முக்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறேன், அந்த டப்பாவை விட்டு மனசு நகர மாட்டேன் என்கிறது. எல்லாம் சிஸ்டர் ஜெபராணியால் வந்தது. பாவம், அவர் பேரில் என்ன தப்பு, ஆபரேஷன் தியேட்டரிலிருந்து ரத்தம் நிரப்பிய சோதனைக் குழாய்களைக் கொடுக்க வந்தவர் பிரியமாக ஒரு வார்த்தை பேசிவிட்டுப் போனார், அவ்வளவுதான். எங்க தியேட்டர்ல எல்லாருக்கும் தெரியும் மேடம், நீங்க சாருக்குத் தயிர் சாதம் கட்டிக் குடுத்தா அன்னைக்கு ஆபரேஷன் லேசுல முடியாது, சார் உள்ள வந்ததுமே சொல்லிருவாரு, இன்னைக்குத் தயிர் சாதம், எல்லாரும் வயிறார சாப்பிட்டு வந்து நில்லுங்கன்னு, இன்னைக்கும் சொல்லிட்டாரு, நான் ரெண்டு இட்லி கூடுதலா சாப்பிட்டேன். சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன். நன்றாகவே சிரித்தேன், கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்கு. அவர் லிஃப்ட் வரைக்கும் போயிருக்க மாட்டார், எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

விஷயம் இதுதான், எனக்கே ஒரு தடவை ஒழுங்காகச் சொல்லிக்கொள்கிறேன், இல்லாவிட்டால் மண்டை சுற்றுகிறது. வயிற்றைத் திறந்து ஆபரேஷன் செய்தால் ஆறும்போது உள்ளே பசை மாதிரி ஒன்று கசியும். பெரும்பாலும் சில நாளில் அது தானே கரைந்து போகும். சில பேருக்குக் கரையாது, இறுகி, நாராகி, குடலைக் குடலோடும் வயிற்றுச் சுவரோடும் சேர்த்துத் தைத்த மாதிரி ஆக்கிவிடும். ஸ்கேனில் சரியாகத் தெரியாது, மறுபடி திறந்து பார்த்தால்தான் உண்டு. யாருக்குக் கரையும், யாருக்கு இறுகும் என்று முதல் ஆபரேஷனுக்கு மறுநாளே ரத்தத்தைப் பார்த்துச் சொல்ல முடியுமா என்பதுதான் என் ஆராய்ச்சி. வீக்கத்தைக் காட்டும் சில புரதங்கள், கசிந்ததைக் கரைய விடாமல் தடுக்கும் இன்னொரு புரதம், எல்லாவற்றையும் அளந்து ஆளுக்கு ஒரு எண்ணாகச் சுருக்கி வைத்துவிடுவேன், எண் கூடினால் ஒட்டும் கூடும் என்பது என் கணக்கு. சில மாதம் கழித்து அதே ஆளுக்கு இரண்டாவது ஆபரேஷன் வரும், அதற்கு ஓரிரு நாள் முன்னால் சேமித்து வைத்த ரத்தத்தை ஒரு தடவை மறுபடி ஓட்டிச் சரிபார்ப்பேன். அப்போது உள்ளே பார்க்கிறவர் எவ்வளவு ஒட்டியிருக்கிறது என்று பூஜ்யத்திலிருந்து நாலு வரைக்கும் ஒரு மார்க் போட்டு, கவரை ஒட்டி ஹபீபா மேடத்துக்கு அனுப்புவார். ஹபீபா மேடம் எங்கள் துறைத் தலைவர், என் வழிகாட்டி. என் எண்ணும் அவரிடம் போகும், அந்த மார்க்கும் அவரிடம் போகும், இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிற உரிமை அவர் ஒருவருக்குத்தான். மார்க் போடுகிறவருக்கு என் எண் தெரியவே கூடாது. தெரிந்தால் கண் அதைத்தான் தேடும், மனுஷக் கண் அப்படித்தான். அந்த மார்க் போடுகிறவர் என் வீட்டுக்காரர்.

டாக்டர் சென்னியப்பன், குடல் அறுவைப் பிரிவு, என் அம்மாவின் அண்ணன் மகன், எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து மாமா. புருஷன் வெட்டுவார், பெண்டாட்டி அளப்பாள், குடும்பத் தொழில் என்று கேன்டீனில் கிண்டல் செய்வார்கள். அதற்காகவே நான் இரண்டு மடங்கு கண்டிப்பாக இருந்தேன். குழாய்களின் மேல் பெயர் இருக்காது, குறி எண் மட்டும்தான், ஆனால் அந்தக் குறியை எழுதுவதே நான்தான், எழுதின கைக்கு மறக்குமா. அதனால் வீட்டில் ரத்தம் பேசக் கூடாது என்று சட்டம் போட்டேன். அவர் சாப்பிடும்போது இன்னைக்கு ஒரு பேஷண்ட் என்று வாயைத் திறந்தால் போதும், நான் எழுந்து போய் மிக்சியைப் போட்டுவிடுவேன், உள்ளே ஒன்றும் இல்லாமலே. ஒரு தடவை காலி ஜார் ஓடி ஓடிப் புகை வந்துவிட்டது. கல்லுளிமங்கி, கல்லுளிமங்கி என்று தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். எனக்கு அதில் பெருமை. மாநாட்டில்கூட ஒருவர் எழுந்து, அம்மா நீங்கள் இருவரும் ஒரே வீட்டில் இருக்கிறீர்களே, ரகசியம் நிற்குமா என்று கேட்டார், நான் மைக்கை இழுத்து வைத்துக்கொண்டு, எங்கள் வீட்டில் நிற்கும் ஐயா என்றேன். கைதட்டினார்கள். எத்தனை திமிர் எனக்கு. ரகசியம் வாய் வழியாகத்தான் போகும் என்று நினைத்து வாயை மட்டும் பூட்டி வைத்திருக்கிறேன், அது டப்பா வழியாக ஸ்கூட்டரில் தொங்கிக்கொண்டு போயிருக்கிறது.

போயிருக்கிறதா, நிஜமாகவே. சும்மா யாரோ கட்டிவிட்ட கதையாக இருக்கக் கூடாதா, தியேட்டரில் வேலை செய்கிறவர்களுக்கு ஆயிரம் சகுனம், எலுமிச்சம்பழம், வலது கால், இன்ன செருப்பு, அதோடு தயிர் சாதமும் சேர்ந்திருக்கலாம் இல்லையா. அப்படித்தான் என்னைத் தேற்றிப் பார்க்கிறேன். ஆனால் அன்னூர்க்காரர், அந்த வெங்காய வியாபாரி, அவர் எண் மிக அதிகம், அன்றைக்கு என்ன கட்டினேன்? தயிர் சாதம். பாலை நிறைய ஊற்றி ஒரே ஒரு கரண்டி மோர் விட்டுப் பிசைந்தது, ரயிலுக்குக் கட்டுவார்களே அந்த மாதிரி, சாயங்காலம் வரைக்கும் புளிக்காமல் இருக்க. டீச்சரம்மா ஒருவர் இருந்தார், அவர் எண் குறைவு, அன்றைக்குக் கொள்ளுப் பருப்பும் கோவைக்காய்ப் பொரியலும், பொரியல் கருகி அதற்கு மாமா ஏதோ சொல்லி நான் முறைத்தது ஞாபகம் இருக்கிறது. பல்லடத்து அண்ணாச்சி, தயிர் சாதம். அந்தக் காலேஜ் பெண், அரிசிபருப்புச் சாதம், மேலே நெய். வேண்டாம் என்று நினைக்க நினைக்க ஒவ்வொன்றாக வருகிறது. அடுப்படியில் நிற்கும்போது நான் எதையும் நினைத்துச் செய்யவில்லை, சத்தியமாக நினைக்கவில்லை. ஆனால் அதற்கு ஓரிரு நாள் முன்னால் சோதனைத் தட்டில் அந்த ஆளின் ரத்தம் விட்ட குழியில் கடும் மஞ்சள், அதாவது பெரிய எண், ஏறியதை இந்தக் கண் பார்த்திருக்கிறது, அந்த வயிற்றுக்குள் மாமா கையை விட்டு மாலை வரைக்கும் நார் நாராகப் பிரித்துக்கொண்டு நிற்பார் என்று உள்ளே எங்கோ தெரிந்திருக்கிறது, தெரிந்தது கைக்குப் போய், கை பாலை எடுத்திருக்கிறது. புருஷன் சாயங்காலம் புளித்த சோறு தின்னக் கூடாது என்று என் கைக்கு இருக்கிற அக்கறை, என் ஆராய்ச்சியின் மேல் அதற்கு இல்லை. கையைப் பார்க்கிறேன். நீல நிறக் கையுறைக்குள் ஒன்றும் அறியாத மாதிரி இருக்கிறது.

இன்குபேட்டரில் குழித்தட்டு வெந்துகொண்டிருக்கிறது. வேகிறது என்று சொல்லக் கூடாது, உடம்புச் சூட்டில் ஊறுகிறது, ஆனால் அந்தத் தட்டைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பணியாரக் கல்தான் ஞாபகம் வரும், வரிசை வரிசையாகக் குழி, குழிக்கு ஒரு மனுஷர். மணி அடிக்க இன்னும் நேரம் இருக்கிறது. அதுவரை என்ன செய்ய, இந்த நினைப்பையே திருப்பித் திருப்பிப் போட்டுக்கொண்டிருக்க வேண்டியதுதான். போன மாதம் ஹபீபா மேடம் பாதிக் கவர்களைப் பிரித்துப் பார்த்துவிட்டு, தமயந்தி, நல்லாப் பொருந்துதும்மா என்றார். எண் கூடினால் மார்க்கும் கூடுகிறது, எண் குறைந்தால் மார்க்கும் குறைகிறது. நான் வராந்தாவில் ஒரு சுற்று ஓடினேன், இந்த வயதில். இப்போது பொருந்தியதுதான் பயமாக இருக்கிறது. எது எதோடு பொருந்தியது? ரத்தத்தோடு ஒட்டுப் பொருந்தியதா, தயிர் சாதத்தோடு மார்க் பொருந்தியதா? மெல்லிசாக ஒரு சவ்வு இரண்டு குடலுக்கு நடுவில் கிடக்கிறது என்று வைத்துக்கொள், அதற்கு ஒன்று போடலாம், இரண்டும் போடலாம், இன்றைக்குக் கஷ்டமான வயிறு என்று நினைத்துக்கொண்டு உள்ளே போகிறவர் இரண்டுதானே போடுவார். பொய் சொல்ல மாட்டார், மாமாவுக்குப் பொய் வராது, சீட்டாட்டத்தில்கூட முகம் காட்டிக் கொடுத்துவிடும். அவர் பார்த்ததை எழுதுவார். பார்க்கிறதையே நான் ஊட்டிவிட்டிருந்தால்? மூன்று வருஷம் போனால் போகட்டும், பட்டம் போனாலும் போகட்டும், அதற்காக நான் இப்படி உட்கார்ந்து புலம்பவில்லை. இது பொய்யாகப் போனால் அம்மாவுக்கு என்ன பதில் சொல்வேன்.

அம்மா பேர் பாவாயி. கர்ப்பப்பையை எடுத்த பிறகு அவளுக்கு வலி வந்தது. வவுத்துக்குள்ள ஆரோ கயித்தப் போட்டு இழுக்கறாப்ல இருக்குது கண்ணு என்பாள். ஸ்கேன் எடுத்தால் ஒன்றும் இல்லை, மாத்திரை கொடுத்து அனுப்புவார்கள். வாயு என்றார் ஒருவர், மனசு என்றார் இன்னொருவர். பெரியப்பா வீட்டில் கல்யாண வேலை நடக்கும்போது சுருண்டு படுத்தாள், வேலைக்குப் பயந்து படுத்துக்கிறா என்று அவள் காதுபடவே பேசினார்கள். அப்பாகூடக் கொஞ்சம் நம்பினார் என்று நினைக்கிறேன், அந்த வீட்டில் நான் ஒருத்திதான் நம்பினேன், நானும் எல்லா நாளும் நம்பினேன் என்று சொல்ல முடியாது. கடைசியில் வாந்தி நிற்காமல் தூக்கிக்கொண்டு போய்த் திறந்தார்கள். மாமா அப்போது அங்கே பயிற்சி டாக்டர், வயிற்றை விரித்துப் பிடிக்கிற கொக்கியைப் பிடித்துக்கொண்டு உள்ளே நின்றவர். அம்மா கண் விழித்ததும் பிழைத்தேனா என்று கேட்கவில்லை, சரியாப் போச்சா என்று கேட்கவில்லை. உள்ள இருந்துச்சா சாமி என்றாள். இருந்துச்சுங்க அத்தை, நானே கண்ணால பாத்தேன், கயிறு கயிறா இருந்துச்சு என்று மாமா சொன்னதும் வெட்டுக் காயத்தைப் பிடித்துக்கொண்டு அப்படி அழுதாள். சந்தோஷத்தில். தன் வலி நிஜம் என்று சொல்ல ஒரு சாட்சி கிடைத்த சந்தோஷம். அன்றைக்குத்தான் இந்த மனுஷனைக் கட்டிக்கொண்டால் தேவலை என்று நினைத்தேன், அதே நாள்தான் இதையும் நினைத்தேன், ஒரு பெண் சொன்னால் நம்ப மாட்டார்கள், அவள் ரத்தம் சொன்னால் நம்புவார்கள் இல்லையா என்று. போன மாதம் மேடம் சொன்னதைப் போனில் அம்மாவிடம் சொன்னேன். அப்ப இனி யாரையும் பொய்க்காரின்னு சொல்ல மாட்டாங்களா என்றாள். மாட்டாங்கம்மா என்றேன். சொல்லிவிட்டேனே.

இன்றைக்கு நடந்ததற்கு வருகிறேன். இன்றைக்குத்தான் முடிச்சே இருக்கிறது. இன்றைய ஆள் செல்லக்கண்ணு, சோமனூரில் தறி ஓட்டுகிற அம்மா, மொபெட்டிலிருந்து விழுந்து கைப்பிடி வயிற்றில் குத்திக் குடல் கிழிந்துவிட்டது. அப்போது அவசரத்துக்குக் குடல் நுனியை வயிற்றுக்கு வெளியே எடுத்து வைத்து, மலம் சேர ஒரு பை மாட்டினார்கள், இன்றைக்கு அதைத் திரும்ப உள்ளே வைக்கிறார்கள். அந்தப் பையை அவர் இவ என்றுதான் சொல்வார், இவளுக்கு இன்னைக்குக் கோவம், இவ தூங்க விடலீங்க என்று. வார்டில் பார்க்கும்போது ஒரு நாள் என் கையைப் பிடித்துக்கொண்டார். என்ற ரத்தத்த இத்தனை எடுக்கறீங்களே டாக்டரம்மா, அது நல்ல வார்த்தை ஏதாச்சும் சொல்லுதுங்களா என்றார். சொல்லக் கூடாதுங்க, சட்டம் என்றேன். உங்களுக்காச்சும் தெரியுமுங்களா? தெரியுமுங்க. அப்பப் போதுமுங்க, ஒருத்தருக்காச்சும் தெரியுதே என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டார். அவர் குழியில் மஞ்சள் ஏறவே இல்லை, தண்ணீரில் எலுமிச்சைச் சாறு ஒரு சொட்டு விட்டது மாதிரி இருந்தது, எனக்கு அதைப் பார்த்ததும் அந்தம்மாவை எழுப்பிச் சொல்ல வேண்டும் போல இருந்தது. எண் குறைவு. ஆக இன்றைக்கு என் கை கொள்ளுப் பருப்புத்தான் செய்திருக்க வேண்டும், செய்யவும் ஆரம்பித்தது. காலையில் அம்மா போனில் பிடித்துக்கொண்டாள், பேச்சு வாக்கில் குக்கர் எத்தனை விசில் அடித்தது என்று விட்டுவிட்டேன். திறந்தால் சோறு குழைந்து கஞ்சியாகிக் கிடந்தது. குழைந்த சோற்றை என்ன செய்வார்கள், தயிரை ஊற்றித்தான் பிசைவார்கள். அதற்கும் எந்த எண்ணுக்கும் சம்பந்தமில்லை. ஆனால் அது மாமாவுக்குத் தெரியாதே. அவர் தியேட்டருக்குள் போய், இன்றைக்குத் தயிர் சாதம், நன்றாகச் சாப்பிட்டு வாருங்கள் என்று சொல்லியாகிவிட்டது.

ஆக, ரத்தம் ஒன்று சொல்கிறது, டப்பா வேறொன்று சொல்லியிருக்கிறது, இரண்டும் முதல் தடவையாகப் பிரிந்து நிற்கிறது. இப்போது அவர் திறந்து பார்த்து மூன்று, நாலு என்று எழுதினால் தீர்ந்தது, மூன்று வருஷமும் என் சமையல். பூஜ்யம் என்று எழுதினால் அவர் கண்ணைச் சோறு கெடுக்கவில்லை. சரிதானே? இல்லை, சரியில்லை, நிஜமாகவே ஒட்டிக்கொண்டு கிடந்தால்? அப்போது என் ரத்தம் பொய்யா, அவர் கண் பொய்யா, எதை வைத்துப் பிரிப்பேன்? ஒரு போன் போட்டால் என்ன. தியேட்டர் நம்பர் சுவரில்தான் ஒட்டியிருக்கிறது. மாமா, அந்தத் தயிர் சாதம் வேறீங்க, குக்கர் குழைஞ்சு போச்சுங்க என்று சொல்லலாம். எழுந்தே விட்டேன், ரிசீவரையும் எடுத்துவிட்டேன். எடுத்த பிறகுதான் உறைத்தது, அதைச் சொன்னால் என்ன அர்த்தம்? இந்தம்மாவுக்கு எண் குறைவு என்று வாயாலேயே சொன்னதாகாதா. இத்தனை நாள் தெரியாமல் செய்ததைத் தெரிந்தே செய்கிறதாகாதா. வைத்துவிட்டேன். முக்காலிக்கு வந்தேன். மறுபடியும் போனைப் பார்த்தேன். அவர் பாட்டுக்கு, கஷ்டமான வயிறு என்று பயந்து பயந்து அங்குலம் அங்குலமாகப் போய்க்கொண்டிருப்பார், கழுத்து வலிக்கும், வலித்தால் இடது தோளைத் தூக்கித் தூக்கி இறக்குவார், யாரிடமும் சொல்ல மாட்டார். அந்தத் தோளை நினைத்ததும் எனக்கு இன்னொன்று தோன்றியது. என் கை அறியாமல் செய்தது என்கிறேனே, ஒருவேளை அது வேண்டுமென்றே செய்ததோ, என்னிடம் கேட்காமல். பார்த்துப் போங்க மாமா, இன்றைக்கு உள்ளே மோசம் என்று எச்சரிக்க எனக்கு இத்தனை நாளும் ஆசையாகத்தானே இருந்தது. அவர் படியிறங்கும்போதெல்லாம் நாக்கு நுனி வரைக்கும் வந்து நிற்குமே.

எப்படிப் போனாலும் மேடத்திடம் சொல்லிவிட வேண்டியதுதான். பூஜ்யம் வந்தாலும் சொல்ல வேண்டும், ஒரு வயிற்றை வைத்து மற்ற வயிறுகளுக்கு நியாயம் பேச முடியாது. மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார், அவருக்குக் கோபம் வந்தால் அதுதான் அடையாளம். எல்லாக் கவரையும் கிழித்துப் போடு, முதலிலிருந்து ஆரம்பி என்பார். ஆரம்பிக்கிறேன் மேடம் என்பேன். அம்மாவுக்கு? அம்மாவிடம் இப்போதைக்கு ஒன்றும் சொல்ல வேண்டாம். வேண்டாமா, ஏற்கெனவே அவளிடம் எத்தனை பேர் ஒன்றும் இல்லை, ஒன்றும் இல்லை என்று சொல்லியிருக்கிறார்கள், நானும் அந்த வரிசையில் போய் நிற்கவா. மணி அடித்தது. தட்டை எடுத்துக் கழுவினேன், கவிழ்த்துத் தட்டினேன், சாயத்தை விட்டேன், குழிகளில் நீலம் ஏறுகிறது, சிலதில் சட்டென்று, சிலதில் தயங்கித் தயங்கி. அமிலம் விட்டேன், நீலம் எல்லாம் மஞ்சளாக மாறியது, எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு அலுக்காத காட்சி. இன்றைக்குப் பார்க்கப் பிடிக்கவில்லை. யார் யார் குழி எது என்று தெரிந்துகொள்ளாமல் இருக்க முடியுமா என்று கண்ணை இடுக்கிப் பார்த்தேன். முடியவில்லை, ஓரக் குழியில் அடர்ந்து கிடப்பது நாளைக்கு ஆபரேஷன் ஆகப்போகிற அவிநாசிப் பெரியவர். சேமித்து வைத்த அவர் ரத்தத்தைச் சரிபார்ப்புக்காக இன்றைக்கு மறுபடி ஓட்டினேன், போன தடவையைப் போலவே கடும் மஞ்சள். என் கைக்கு அது தெரிந்துவிட்டது.

கதவு திறந்தது. மாமா. பச்சை உடுப்போடு, நெற்றியில் தொப்பி அழுத்திய கோடு அப்படியே இருந்தது. வெளியே வெயில் இன்னும் உச்சிக்குக்கூடப் போகவில்லை, இத்தனை சீக்கிரம் வந்தால் ஒன்று நன்றாக முடிந்திருக்க வேண்டும், அல்லது முடியாமலே மூடியிருக்க வேண்டும்.

"உள்ள ஒண்ணுமே இல்ல அம்மணி," என்றார், முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டே. "குடலு கையோட வந்துருச்சு. அங்கொண்ணும் இங்கொண்ணும் நூலு மாதிரி, அவ்வளவுதான். அந்தம்மா அரை மயக்கத்துல வவுத்தத் தடவிப் பாத்து, இவளக் காணமுங்கன்னு சிரிக்குது."

செல்லக்கண்ணுவின் ரத்தம் நல்ல வார்த்தைதான் சொல்லியிருக்கிறது. ஆனால் மாமா அடுத்துக் கேட்டது, நீ எதுக்கு அம்மணி இன்னைக்குத் தயிர் சாதம் கட்டுன, நான் பாட்டுக்கு ரத்தம் ரெண்டு பாட்டில் எச்சா எடுத்து வெக்கச் சொல்லி, எல்லாரையும் நெம்பத் திங்க வெச்சுப்போட்டேன் என்று. அப்படியானால் அவருக்குத் தெரியும். கதை கட்டவில்லை ஜெபராணி. நான் குக்கரையும் விசிலையும் குழைந்த சோற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன், ஜெபராணி சொன்னதையும் சேர்த்து, மூன்று வருஷமாக நான் அவர் கண்ணைக் கெடுத்துவிட்டேன், இப்போதே மேடத்திடம் போகிறேன், நீங்களும் வாருங்கள் என்றேன். என்ன மார்க் போட்டீர்கள் என்று கேட்டுவிட்டு, ஐயோ சொல்லாதீர்கள் என்று காதையும் பொத்திக்கொண்டேன். அவர் என் கைகளை மெல்ல இறக்கினார்.

"நான் எங்க அம்மணி மார்க் போடறேன்? போட்டு ரெண்டு வருசத்துக்கு மேல ஆச்சு."

ஆரம்பத்திலேயே அவருக்குப் பிடிபட்டுவிட்டதாம். தயிர் சாதம் வருகிற நாளெல்லாம் வயிறு கஷ்டமாக இருக்கிறதே என்று இரண்டு மூன்று தடவை பார்த்துவிட்டு, நேராக ஹபீபா மேடத்திடம் போய் நின்றிருக்கிறார். மேடம் கண்ணாடியைத் துடைத்திருக்கிறார். அதுவரை அவர் எழுதின கவர்களை எல்லாம் கணக்கிலிருந்து தள்ளிவிட்டார். அன்றிலிருந்து வயிற்றைத் திறந்ததும் பக்கத்துத் தியேட்டரிலிருந்து பிரமிளா என்கிற மகப்பேறு டாக்டர் வருவாராம், ஹாஸ்டல் மெஸ்ஸில் சாப்பிடுகிறவர், எங்கள் வீட்டுச் சமையலைக் கண்ணால் கண்டதில்லை. அவர் பார்த்து, எழுதி, கவரை ஒட்டிக்கொண்டு போகிற வரைக்கும் தியேட்டரில் ஒருவரும் வாயைத் திறக்கக் கூடாது என்று உத்தரவு. ஆக போன மாதம் மேடம் பார்த்தது பிரமிளா டாக்டரின் கண். தயிர் சாதம் அதில் இல்லை. அப்படியும் பொருந்தியிருக்கிறது. அம்மாவிடம் நான் சொன்னது சொன்னதுதான். சந்தோஷம் வருவதற்கு முன்னால் எனக்குக் கோபம்தான் வந்தது, நர்ஸ் முதல் துறைத் தலைவர் வரைக்கும் ஒரு ஆஸ்பத்திரியே சேர்ந்துகொண்டு, நான் மட்டும் தெரியாமல் மிக்சியை ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லீருக்கலாமல்லங்க மாமா."

"சொல்லீருந்தா அன்னைக்கே நிறுத்திப்போட்டிருப்ப," என்றார். தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார், என் முகத்தைப் பார்க்கவில்லை. "எனக்கு அது வேணுமுன்னு இருந்துச்சு. மேடத்துகிட்டயும் அதத்தான் சொன்னேன். வைவாங்கன்னு நெனச்சேன், செரின்னுட்டாங்க."

அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார், இப்படியெல்லாம் பேசிப் பழக்கமில்லாத மனுஷர். எல்லாம் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, எந்த இடத்தில் கை வைப்பதென்றே தெரியாமல் நிற்கிற நாட்கள் உண்டாம், ஒரு இழை தப்பினால் குடல் கிழியும். அப்போது, இன்றைக்கு வீடு திரும்ப நேரமாகும் என்று ஒருத்திக்குக் காலையிலேயே தெரிந்திருக்கிறது, அதற்கென்று பாலை ஊற்றிப் பிசைந்து வைத்திருக்கிறாள் என்று நினைத்துக்கொள்வாராம். கை நிதானமாகிவிடுமாம். இதைக் கேட்டதும் நான் அழுதுவிட்டேன். மூக்கைத் துடைக்கக் கையுறையோடு கையைத் தூக்கினேன், அவர் பிடித்து நிறுத்தித் தன் உடுப்பின் கையால் துடைத்துவிட்டார். இத்தனை வருஷத்தில் இந்த மனுஷனை இப்போது பிடித்த அளவுக்கு எனக்குப் பிடித்ததில்லை. உடனே மனசு அந்த ஓரக் குழிக்குப் போனது. அவிநாசிப் பெரியவர். நாளைக் காலையில் அடுப்பு முன்னால் நான் நிற்பேன், பாலை எடுத்தால் தெரிந்தே சொல்கிறேன், எடுக்காவிட்டால் தெரிந்தே மறைக்கிறேன், அறியாமல் இனி ஒரு பிடி சோறு கட்ட முடியாது.

"நாளைக்கு நான் என்னத்தைங்க கட்டறது?"

"இதுக்குத்தான் அம்மணி சொல்லாம இருந்தேன்," என்றார். முகம் தொங்கிப்போயிருந்தது, அவர் ஆசைப்பட்ட ஒன்று அவர் கண் முன்னாலேயே போய்விட்டது.

நான் கையுறைகளைக் கழற்றிக் கூடையில் போட்டேன். யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை.

"ஒண்ணும் கட்டலைங்க. நீங்க முடிச்சுப்போட்டு வர்றப்ப தியேட்டர் வாசல்ல சோத்தோட நான் உக்காந்திருக்கறேன்."

"எந்நாளுமா?"

"எந்நாளுமுங்க."

"சில நாளு நெம்ப லேட்டாகுமே அம்மணி."

"ஆகட்டுமுங்க. லேட்டாகற நாளும் இருப்பேன், ஆகாத நாளும் இருப்பேன்."